வெடித்தது செல்போன் அல்ல

சென்ற நோன்புப் பெருநாள் இதழில், நமதூர் வாலிபர் ஒருவருக்குத் தொடையில் தீக்காயம் ஏற்பட்டதையும், மருத்துவ உதவி நிதியிலிருந்து நமது டிரஸ்ட் அவருக்கு உதவியதையும் வெளியிட்டிருந்தோம். பேன்ட் பையில் இருந்த செல்போன் வெடித்துவிட்டது என்று எழுதி, மலிவான சார்ஜர் வாங்காதீர்கள் என்று அறிவுரையும் சொல்லியிருந்தோம். அந்தச் செய்தி பிழையானது. குடும்பத்தார் சொன்னதை விசாரிக்காமல் அப்படியே அச்சில் ஏற்றியது எங்கள் தவறு. வெடித்தது செல்போன் அல்ல, வேப் என்று இன்றைய பிள்ளைகள் சொல்லும் மின் சிகரெட்டுக்கான பேட்டரி. அதுவும் கடையில் வாங்கிய பொருள் இல்லை. பாகங்களை வாங்கி, கம்பி சுற்றி, வீட்டு மாடியிலேயே பொருத்திச் செய்தது.

உண்மை எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெருநாள் கழித்து மாடி அறையைக் கூட்டிச் சுத்தம் செய்த அவருடைய உம்மா, ஒரு பிஸ்கட் டப்பாவைக் கண்டெடுத்தார். உள்ளே மெல்லிய கம்பிச் சுருள், பஞ்சு, சின்னஞ்சிறிய ஸ்குரூ டிரைவர், கம்பி வெட்டும் நிப்பர், விரல் நீள எஃகுக் குழாய் ஒன்று, இரண்டு பேட்டரி, மாம்பழ வாசனை வீசும் ஒரு குப்பி. கம்பியும் பஞ்சும் ஒன்றாக இருந்ததைப் பார்த்ததும் அந்தத் தாய்க்கு வேறு பயம் வந்துவிட்டது. டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து, "காக்கா, இது யாரும் சூனியம் வச்சதா பாருங்க" என்றார். எங்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்துக் கடை எலக்ட்ரீசியன் கம்பியைத் தொட்டுப் பார்த்து, "இஸ்திரிப் பெட்டிக்குள்ள இருக்கிற ஜாதிக் கம்பி இது" என்றார். செல்போன் பழுது பார்க்கும் தம்பிதான் குப்பியை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

பிறகு அந்த வாலிபரை வரவழைத்துப் பேசினோம். அவர் ஒளிக்கவில்லை. சபுரில் இருந்தபோது உடன் தங்கியிருந்தவரிடம் கற்றுக்கொண்டதாகவும், ஊருக்கு வந்தபின் கூட்டாளிகள் சிலருக்கும் கம்பி சுற்றிக் கொடுத்ததாகவும் சொன்னார். பெயர் போடாமல் எழுதுங்கள், மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று அவரே சம்மதம் தந்தார். அவர் சொன்னதையும், நாங்கள் விசாரித்தும் படித்தும் அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். பிள்ளைகளின் அறையில் இப்படி ஒரு டப்பா கிடைத்தால், அது என்னவென்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் இதன் அமைப்பைப் பார்ப்போம். மண்ணெண்ணெய் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே எண்ணெய், நடுவில் திரி, மேலே நெருப்பு. திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. மின் சிகரெட்டிலும் திரி உண்டு, அதுதான் அந்தப் பஞ்சு. எண்ணெய்க்குப் பதிலாகக் குப்பியில் இருக்கும் திரவம். நெருப்புக்குப் பதிலாகச் சுருள் கம்பி. பட்டனை அழுத்தினால் பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து கம்பி சூடாகிறது, பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது, அந்த ஆவியை வாயால் இழுக்கிறார்கள். கம்பியும் பஞ்சும் இருக்கும் இந்தச் சிறு கிண்ணம் போன்ற பாகத்துக்குத்தான் அட்டமைசர் என்று பெயர். இன்று நாம் காணும் வடிவத்தில் இதை உருவாக்கியவர் சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளுநர். 2003ஆம் ஆண்டு வாக்கில், சிகரெட்டுக்கு மாற்றாகத்தான் இதைக் கொண்டுவந்தார்.

கடையில் விற்பதில் அட்டமைசர் தேய்ந்தால் அந்தப் பாகத்தையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கவும், புகை மண்டலமாக வர வேண்டும் என்ற ஆசையிலும் பிறந்ததுதான், கழற்றித் தானே கம்பி சுற்றிக்கொள்ளும் வகை. அதில் இரண்டு சிறிய தூண்கள் இருக்கும். சுருளின் இரு முனைகளையும் அந்தத் தூண்களில் திருகி, நடுவே பஞ்சை நுழைத்து, மேலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கம்பி பெரும்பாலும் நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்தது), அல்லது இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் கலந்த ஒரு கம்பி. இரண்டாவது ஸ்வீடன் நாட்டுச் சரக்கு. அதன் வணிகப் பெயர் காந்தல்! நம் வீடுகளில் சோற்றுப் பானையின் அடியில் பிடிப்பதையும் காந்தல் என்றுதான் சொல்கிறோம். பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்து நாங்கள் வியந்துபோனோம். ஏனென்றால் பஞ்சில் திரவம் வற்றிய பிறகும் பட்டனை அழுத்தினால், பஞ்சு கருகி நெஞ்சை அடைக்கும் காந்தல் நாற்றம்தான் வாயில் ஏறுமாம்.

இனி, இதில் வெடிப்பது எது, ஏன் என்ற விஷயத்துக்கு வருவோம். இதைத்தான் சற்று நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நம் பகுதி மக்களுக்கு உப்பளம் தெரியும். பாத்திக்குத் தண்ணீர் விடும் மடை குறுகலாக இருந்தால் தண்ணீர் மெதுவாக வரும். மடையை அகலமாக வெட்டிவிட்டால் சீறிக்கொண்டு பாயும், கரையே உடைந்தாலும் உடையும். கம்பிச் சுருளும் ஒரு மடைதான். கம்பி மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் மின்சாரத்துக்குத் தடை அதிகம். தடித்ததாகவும் குட்டையாகவும் இருந்தால் தடை குறைவு. இந்தத் தடையை ஓம் என்ற அளவால் சொல்வார்கள். பேட்டரியின் வோல்ட்டை ஓம் கணக்கால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் மின்சாரம் பாயும் என்று கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த ஓம் விதிதான்.

அந்த டப்பாவில் இருந்த பேட்டரி 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. 18650 என்ற அதன் பெயரே இந்த அளவிலிருந்து வந்ததுதான். லேப்டாப், பவர் பேங்க் போன்றவற்றிலும் இந்த வகை செல்கள் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். சுருளின் தடை 1 ஓம் என்றால் 4.2 ஆம்பியர் பாயும், சுமார் 18 வாட் சூடு. அதே மாதிரி இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினால் தடை பாதியாகி அரை ஓம் ஆகிவிடும். அப்போது 8.4 ஆம்பியர், 35 வாட். புகை போதவில்லை என்று தடித்த கம்பியைச் சுற்றி 0.1 ஓம் வரை கொண்டுபோனால் 42 ஆம்பியர், 176 வாட். இரண்டு மின்விசிறிகளை ஓட்டும் சக்திக்கு மேலே! விரல் அளவு பேட்டரியால் இது தாங்கக்கூடியதா? இந்த அளவு செல்களில் நல்ல தரமானவைகூடத் தொடர்ந்து 20, 30 ஆம்பியருக்கு மேல் கொடுப்பதற்குச் செய்யப்பட்டவை அல்ல. பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்தவை அதில் பாதியைக்கூடத் தாங்காது. அந்த வாலிபர் பயன்படுத்தியது பழைய லேப்டாப் செல்தான்.

கம்பெனிக்காரர்கள் செய்யும் கருவிகளில் ஒரு சின்ன சர்க்யூட் பலகை இருக்கும். தடை குறைந்தாலோ, கம்பியின் முனை எங்காவது உரசினாலோ, அது மின்சாரத்தை நிறுத்திவிடும். வீட்டில் வெறும் எஃகுக் குழாயை வைத்துச் செய்வதில் அந்தப் பலகை கிடையாது. பட்டன் அழுத்தினால் பேட்டரியும் சுருளும் நேராகச் சேரும், அவ்வளவுதான். கம்பியின் முனை அரை மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டு மூடியைத் தொட்டால் தடை ஏறக்குறைய பூஜ்யம். லித்தியம் பேட்டரி ஓர் அளவுக்கு மேல் சூடேறிவிட்டால், உள்ளே நடக்கும் ரசாயன மாற்றமே மேலும் சூட்டை உண்டாக்கும். பிறகு வெளியிலிருந்து மின்சாரத்தை நிறுத்தினாலும் அது நிற்காது. மூடிய எஃகுக் குழாய்க்குள் இது நடந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2018 மே மாதத்திலும், டெக்சாஸ் மாநிலத்தில் 2019 ஜனவரியிலும் இப்படி வெடித்து இருவர் இறந்திருக்கிறார்கள். அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகத்தின் அறிக்கை, 2009 முதல் 2016 முடிய மின் சிகரெட் தீப்பிடித்த அல்லது வெடித்த 195 நிகழ்வுகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் 133இல் ஆட்களுக்குக் காயம் ஏற்பட்டிருந்தது.

நமது வாலிபருக்கு நடந்தது அதைவிடச் சாதாரணமான காரணத்தால்தான். உபரியாக ஒரு பேட்டரியைப் பேன்ட் பையில் போட்டிருந்தார். அதே பையில் பைக் சாவியும் சில்லறையும். இந்தப் பேட்டரியின் உடம்பு முழுக்க மைனஸ், தலையில் மட்டும் பிளஸ். இரண்டையும் பிரிப்பது மேலே சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைதான். பழைய செல் என்பதால் உறை கிழிந்திருந்தது. சாவி குறுக்கே விழுந்தது. சாயல்குடியிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவர், தொடை எரிந்து வண்டியோடு சாய்ந்தார். பின்னால் லாரி எதுவும் வராதது அல்லாஹ்வின் கிருபை.

அடுத்து அந்தக் குப்பி. திரவத்தில் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். இருமல் மருந்துகளிலும் சேர்க்கப்படுபவை ஆயிற்றே என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் வயிற்றுக்குப் போவதும் சூடாகி நுரையீரலுக்குப் போவதும் ஒன்றல்ல. மேலும், புரோப்பிலீன் கிளைக்கால் சுத்தமானதாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 அக்டோபரில் நாடே பார்த்தது. நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்ததால் மத்தியப் பிரதேசத்தில் பச்சிளம் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். உரிமம் பெற்ற தொழிற்சாலை மருந்தின் கதியே இது. பெயர் ஊர் இல்லாத குப்பியில் என்ன இருக்கிறது என்று யார் சோதித்தார்கள்? 2019இல் அமெரிக்காவில் வேப் புகைத்தவர்கள் திடீரென்று நுரையீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரி வரையிலான கணக்கில் 2,807 பேர் சேர்க்கப்பட்டு, 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சந்தைத் திரவங்களைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளே முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள்.

குப்பியில் இருக்கும் நிகோடின், சிகரெட்டை விடமுடியாமல் பிடித்து வைக்கும் அதே பொருள்தான். தோல் வழியாகவும் உடலில் ஏறும். மாம்பழம், ஸ்ட்ராபெரி வாசனை வருவதால் வீட்டுக் குழந்தை சர்பத் என்று நினைத்து வாயில் வைத்துவிட்டால் பெரிய ஆபத்து. வாந்தி, வியர்வை, வெளிறிய முகம், நடுக்கம் கண்டால் தாமதிக்காமல் 108க்கு அழையுங்கள். குப்பியையும் கையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தோலில் கொட்டினால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

கம்பியும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், குப்பியில் இருந்த திரவத்தைவிட, சூடான கம்பியைத் தொட்ட திரவத்திலும் ஆவியிலும் ஈயம், நிக்கல், குரோமியம் அதிகமாக இருந்தன. 2015இல் போர்ட்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வோல்ட்டில் காணப்படாத பார்மால்டிஹைடு சார்ந்த பொருள்கள் 5 வோல்ட்டில் காணப்பட்டன. அவ்வளவு காந்தல் அடித்தால் மனிதன் இழுக்கவே மாட்டான் என்று அந்த ஆய்வுக்கு மறுப்புச் சொன்னவர்களும் உண்டு. இருக்கட்டும். புகைக்காகத் தடையைக் குறைத்துச் சூட்டைக் கூட்டுவதுதானே இந்தக் கம்பி சுற்றும் வேலையின் நோக்கமே.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். "இங்கிலாந்தில் டாக்டர்களே சிகரெட்டை விட வேப் அடிக்கச் சொல்கிறார்கள்" என்று அந்த வாலிபர் எங்களிடம் வாதாடினார். அதில் பொய் இல்லை. எரியும் புகையிலையைவிட இதில் நச்சுப் பொருள்கள் குறைவு என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்கிறது. சிகரெட்டை விட முடியாத பெரியவர்களுக்கு அங்கே பரிந்துரைக்கவும் செய்கிறார்கள். ஆனால் அங்கே திரவத்தில் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக்கூடாது, குப்பி 10 மில்லியைத் தாண்டக்கூடாது, பொருளை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பயன்படுத்தித் தூக்கி எறியும் வகையை 2025 ஜூன் முதல் அங்கேயே தடை செய்துவிட்டார்கள். மாடி அறையில் நிப்பரும் லேப்டாப் செல்லும் வைத்துச் செய்வதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மேலும், இவர் எதை விடுவதற்காக இதைத் தொடங்கினார்? பீடி சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று அவரே சொன்னார்.

சட்டத்தைப் பற்றி. தமிழ்நாட்டு அரசு 2018லேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18இல் அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டு செல்வது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சரக்கை வைத்திருக்க இடம் கொடுத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிகோடின் இல்லாத திரவம் என்றாலும் தப்ப முடியாது. தயாரிப்பு என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில், கருவியின் எந்தப் பாகத்தையும் செய்வதும் பொருத்துவதும் அடங்கும். அதாவது கூட்டாளிக்கு அன்பளிப்பாகக் கம்பி சுற்றிக் கொடுப்பதும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். புகைப்பதைக் குற்றம் என்று அந்தச் சட்டத்தில் எழுதவில்லையே என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். புகைக்க வேண்டுமானால் வாங்கியிருக்க வேண்டும், அல்லது கொண்டுவந்திருக்க வேண்டும், அல்லது செய்திருக்க வேண்டும். எந்த வழியாக வந்தது என்று போலீஸ் கேட்டால் என்ன பதில்?

சபுராளிகள் உள்ள குடும்பங்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். துபாய், அபுதாபியில் 2019 முதல் இது சட்டப்படி விற்கப்படுகிறது. கத்தாரில் அனுமதி இல்லை. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதும் புகைப்பதும்கூடக் குற்றம். 2025 செப்டம்பர் முதல் தண்டனை இன்னும் கடுமையாகிவிட்டது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப் அங்கே பரவியதால், அதைப் போதைப் பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். திரும்பத் திரும்பச் சிக்கும் வெளிநாட்டவரின் வேலை அனுமதி ரத்தாகி, நாட்டை விட்டே அனுப்பப்படுவார்கள். துபாயில் இருப்பவர் மச்சானுக்கு ஆசையாக வாங்கி அனுப்புவது, இங்கே விமான நிலையச் சுங்கச் சோதனையில் இறக்குமதிக் குற்றம் ஆகிவிடும். பிறர் கொடுத்தனுப்பும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். தீக்காயம் பட்ட வாலிபருக்கே இன்னும் சில வாரங்களில் சிங்கப்பூர் விசா வர வேண்டியிருக்கிறது. அந்தத் தாய் டப்பாவைக் கண்டெடுக்காமல், அவர் அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வெறும் ஆவிதானே, நோன்பு முறியாதே" என்று சிலர் பகலில் இழுப்பதாகக் கேள்விப்பட்டு, பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். வேண்டுமென்றே உள்ளே இழுக்கும் பொருள் தொண்டையைக் கடந்து போகிறது, சிகரெட்டுக்கு உள்ள சட்டமே இதற்கும், நோன்பு முறிந்துவிடும் என்று அவர் தெளிவாகச் சொன்னார்.

பேட்டரியால் தீக்காயம் பட்டால் உடையை அகற்றி, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, மாவு எதுவும் தடவ வேண்டாம். மருத்துவரிடம் பேட்டரி வெடித்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பேட்டரிக்குள் இருக்கும் ரசாயனமும் தோலை அரிக்கும் என்பதால், அவர் பார்க்கும் வைத்தியம் அதற்கேற்ப மாறலாம். இந்தச் சம்பவத்தில் செல்போன் என்று சொன்னதால் மருத்துவரும் செல்போன் காயம் என்றே எழுதியிருக்கிறார்.

பொய்க் காரணம் சொல்லிப் பெற்ற உதவித் தொகையைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் இருவர் வற்புறுத்தினார்கள். நீண்ட நேரம் பேசினோம். நிதி கொடுத்தது காயத்துக்கு, காயம் பொய்யில்லை என்ற கருத்து மேலோங்கியது. திருப்பிக் கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் காரணத்தை மட்டும் திருத்தி எழுதியிருக்கிறோம். உண்மையைச் சொன்னால் உதவி கிடைக்காது என்று இனி யாரும் மறைக்க வேண்டாம் என்பதற்காகவும் இந்த முடிவை இங்கே தெரிவிக்கிறோம்.

இந்தப் பழக்கத்திலிருந்து வெளிவர நினைப்பவர்கள் மத்திய அரசின் புகையிலை மீட்பு உதவி எண்ணான 1800 11 2356க்கு அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். முதல் இரண்டு மூன்று வாரங்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும். அந்த நாட்களில் வீட்டார் குத்திக்காட்டாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் பழைய லித்தியம் பேட்டரிகள் இருந்தால் குப்பையில் போடவோ குப்பையோடு எரிக்கவோ வேண்டாம். இரு முனைகளிலும் செலோ டேப் ஒட்டி, வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுக்கலாம். மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் சேர்த்துவிடுகிறோம். பேட்டரி மட்டும் கொண்டுவாருங்கள். எதிலிருந்து கழற்றியது என்று நாங்கள் கேட்கப் போவதில்லை.